நெருப்பின் பெயர், நீரின் வேலை

ஆஸ்டின் நகரிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் லாக்ஹார்ட். டெக்சஸ் மாநிலத்தில் கால்டுவெல் மாவட்டத்தின் தலைமையிடம். நடுவில் கடிகாரக் கோபுரத்தோடு ஒரு பழைய நீதிமன்றக் கட்டடம், அதைச் சுற்றி நாலு பக்கமும் கடைத்தெரு. இன்னும் கொஞ்சம் நடந்தால் ஊர் முடிந்துவிடும். இந்தச் சிற்றூரைத்தான் 1999-ல் டெக்சஸ் சட்டமன்றத்தின் கீழவை, மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகரம் என்று தீர்மானம் போட்டு அறிவித்தது. வார இறுதியில் வந்து இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால், அந்தத் தீர்மானத்தை மக்கள் மனதார ஏற்றுக்கொண்டது தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்திய டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் கசாப்புத் தொழிலைக் கையோடு கொண்டுவந்தார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத காலம். நல்ல கறி காலையிலேயே விற்றுப்போகும். மிஞ்சுவது கடினமான துண்டுகள். அவற்றைப் புகையில் போட்டார்கள். துண்டு துணுக்குகளை அரைத்துக் குடலில் அடைத்து சாசேஜ் ஆக்கினார்கள். பருத்தி எடுக்க வந்த கூலியாட்கள் அதை எடை போட்டு வாங்கி, கசாப்புக் காகிதத்தைப் பிரித்து வைத்து, அங்கேயே சாப்பிட்டார்கள். தொட்டுக்கொள்ள, மளிகை அலமாரியில் என்ன இருந்ததோ அது: உப்பு பிஸ்கட், வெங்காயம், வெள்ளரி ஊறுகாய். தட்டும் முள்கரண்டியும் கசாப்புக் கடையில் ஏது? இன்றைக்கும் இங்கே இறைச்சி எடைக்குத்தான் விற்கிறது, காகிதத்தில்தான் வருகிறது. டெக்சஸில் இது ஒன்றே பார்பிக்யூ என்று சொன்னால் மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். கிழக்கே கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த மரபு தனி. தெற்கே மெக்சிகோ எல்லையோரம் மாட்டுத் தலையைக் குழியில் புதைத்து வேகவைக்கும் பார்பகோவா தனி. இந்த அத்தியாயம் கசாப்புக் கடை மரபைப் பற்றியது மட்டும்.

லாக்ஹார்ட்டில் சார்லஸ் க்ரூஸ் 1900-ல் தொடங்கிய கடை, 1948-ல் ஷ்மிட் குடும்பத்தின் கைக்கு வந்தது. பிற்பாடு கட்டடம் மகளுக்கும் வியாபாரம் மகன்களுக்கும் என்று சொத்து பிரிந்து, வாடகைப் பேச்சு முறிந்து, 1999-ல் க்ரூஸ் மார்க்கெட் வேறு இடத்துக்குப் போய்விட்டது. போகும்போது பழைய அடுப்பின் தணலைத் தொட்டியில் வாரி, ஊர் பார்க்கத் தெருவழியே இழுத்துப்போய்ப் புது அடுப்பைப் பற்றவைத்தார்கள். பழைய கட்டடத்தில் மகள் திறந்த கடைதான் ஸ்மிட்டிஸ் மார்க்கெட். இரண்டு கடையிலும் இன்றும் அடுப்பு எரிகிறது.

ஸ்மிட்டிஸின் உள்ளே நுழைந்தால் சுவர்கள் கரி பிடித்துக் கறுத்துக் கிடக்கின்றன. வரிசை நகர நகர வெக்கை ஏறுகிறது. வரிசையில் நிற்பவர்களின் காலடியில், தரையிலேயே, மறைப்பு ஏதும் இல்லாமல் கட்டைகள் எரிகின்றன. குழந்தையைக் கூட்டி வந்தவர்கள் அதன் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தீயின் சூடும் புகையும் பக்கத்திலுள்ள நீளமான செங்கல் அடுப்புக்குள் இழுக்கப்பட்டு, இரும்பு மூடிக்கு அடியில் அடுக்கியிருக்கும் இறைச்சியைத் தடவிக்கொண்டு மறுமுனைப் புகைபோக்கி வழியாக வெளியேறுகின்றன. இங்கே கவனிக்க வேண்டியது தீக்கும் இறைச்சிக்கும் உள்ள தூரம். தீ ஒரு முனையில், இறைச்சி தள்ளி இன்னொரு பக்கத்தில். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

நெருப்புச் சமையல் என்றுதான் உலகம் இதைக் கொண்டாடுகிறது. என் கருத்து வேறு. அடுப்புக்குள் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பின்தொடர்ந்து போனால், கடைசியில் நிற்பது தண்ணீர். இறைச்சியில் இருக்கும் தண்ணீர், விறகில் இருக்கும் தண்ணீர், மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் தண்ணீர், ஆவியாக மறுக்கும் தண்ணீர். பிட்மாஸ்டர் என்று அழைக்கப்படும் அடுப்புக்காரரின் திறமை முழுவதும், அந்தத் தண்ணீரை எப்போது வெளியே விடுவது, எப்போது உள்ளே நிறுத்துவது என்பதில் இருக்கிறது.

முதலில் இறைச்சி. மத்திய டெக்சஸ் பார்பிக்யூவின் உரைகல் பிரிஸ்கெட். அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. உடலின் முன்பாதியைத் தோளோடு பிடித்து நிறுத்துவது நெஞ்சுத் தசைகள்தான். அவை பாரம் தாங்குகின்றன, ஒவ்வோர் அடிக்கும் இழுபடுகின்றன. இப்படி ஓயாமல் உழைக்கும் தசையில் கொலாஜென் என்னும் இணைப்புப் புரதம் நிறைய இருக்கும். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு அது. மிகுந்த வலிமை உள்ளது, மெல்லவே முடியாதது.

இந்தக் கறியை ஸ்டேக் போலச் சுட்டுத் தின்ன முயன்றால் என்ன ஆகும்? உள்சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தசைப் புரதங்கள் சுருங்கத் தொடங்கும். 60 முதல் 65 டிகிரிக்குள் கொலாஜென் கயிறுகளும் சேர்ந்து சுருங்கும். சுருங்குகிற கயிறு, தான் கட்டியிருக்கும் தசையை நெரிக்கும். கொழுப்பை நீக்கிப் பார்த்தால் தசையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அது பிழிந்து வெளியே வரும். இந்தக் கட்டத்தில் எடுத்துத் தின்றால் வறண்ட ரப்பர். கறியை வேகவைக்கத் தெரியாதவர்கள் பயந்துபோய் அடுப்பை அணைப்பது சரியாக இந்த இடத்தில்தான்.

அணைக்காமல் காத்திருப்பவர்களுக்கு வேறொன்று நடக்கிறது. 70 டிகிரிக்கு மேல் கொலாஜெனின் முறுக்கு மெல்ல மெல்ல அவிழ்கிறது. அவிழ்ந்த இழைகள் தங்களைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஜெலட்டினாக மாறுகின்றன. இதற்குச் சூடு மட்டும் போதாது. தண்ணீர் வேண்டும், அதைவிட முக்கியமாக நேரம் வேண்டும். 60 டிகிரியில் வைத்தாலும் கொலாஜென் கரையும், ஆனால் நாள்கணக்கில் ஆகும். 90 டிகிரியில் சில மணி நேரத்தில் கரையும். அதனால்தான் 110 முதல் 135 டிகிரி வரை சூடுள்ள அடுப்பில், ஐந்தாறு கிலோ எடையுள்ள முழு பிரிஸ்கெட்டைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விட்டு, உள்சூடு 95 டிகிரியை நெருங்கும்போது எடுக்கிறார்கள். அதற்குள் எடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அவ்வளவு தண்ணீரை இழந்த கறி எப்படிச் சாறாக இருக்கிறது? நாக்குக்குச் சாறு என்று தெரிவது பெரும்பாலும் ஜெலட்டினும் உருகிய கொழுப்பும், அவை வாயில் ஊறவைக்கும் உமிழ்நீரும் சேர்ந்த கூட்டு. லாக்ஹார்ட்டின் பழைய கடைகளில் இதைவிடக் கூடுதல் சூட்டில், குறைந்த நேரத்தில் சமைக்கும் வழக்கமும் உண்டு. அங்கே தோள்கறிக்கும் பெரிய மரியாதை. ஆனாலும் கொலாஜெனின் கணக்கிலிருந்து எவருக்கும் விலக்கு இல்லை.

இனி இந்தச் சமையலின் மிக விசித்திரமான கட்டம். இறைச்சியின் நடுவில் வெப்பமானியைச் செருகி வைத்துப் பார்த்தால், முதல் சில மணி நேரம் சூடு சீராக ஏறும். 65, 70 டிகிரியை ஒட்டி வந்ததும் சட்டென்று நின்றுவிடும். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, விறகு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், முள் நகராது. ஒரு மணி, இரண்டு மணி, சில சமயம் நாலைந்து மணி நேரம்கூட அப்படியே நிற்கும். முதல்முறை சமைப்பவர் வெப்பமானி கெட்டுவிட்டது என்று வேறொன்றை வாங்க ஓடுவார். இந்தத் தேக்கத்துக்குப் பல விளக்கங்கள் உலவின. கொலாஜென் கரைவதற்கு வெப்பத்தை உறிஞ்சுகிறது, அதனால்தான் நிற்கிறது என்பது ஒன்று. கொழுப்பு உருகுவதால் என்பது மற்றொன்று. கேட்கப் பொருத்தமாக இருக்கும். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் தேவைப்படும் வெப்பம் போதவே போதாது.

பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் இதைச் சோதித்துப் பார்த்த விதம் அழகானது. அடுப்புக்குள் ஒரு மாட்டுக் கொழுப்புக் கட்டியையும் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சையும் வைத்தார். ஸ்பாஞ்சில் கொலாஜென் இல்லை, கொழுப்பு இல்லை, புரதம் இல்லை. வெறும் தண்ணீர். கொழுப்பின் சூடு தடையில்லாமல் ஏறிக்கொண்டே போனது. தேங்கி நின்றது ஸ்பாஞ்சுதான், பிரிஸ்கெட்டைப் போலவே. விளக்கம் அதிலேயே கிடைத்துவிட்டது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே கிராமை ஆவியாக்கச் சுமார் 2,260 ஜூல் வேண்டும். உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோவதற்கு ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் தண்ணீர், அடுப்பு உள்ளே அனுப்பும் வெப்பத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியேறுகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை சூடு ஏறாது. கோடையில் மண்பானை தன் தண்ணீரைக் குளிர வைத்துக்கொள்வதும் இப்படித்தான். அனல்காற்றில் பானை நன்றாகக் குளிரும், கடலோரப் புழுக்கத்தில் குளிராது. பிரிஸ்கெட்டுக்கும் அதே விதி. அடுப்புக்குள் காற்றோட்டம் அதிகமாக இருந்தால் தேக்கம் குறைந்த சூட்டிலேயே வந்துவிடும். ஈரப்பதம் மிகுந்திருந்தால் இன்னும் மேலே போய் நிற்கும்.

காரணம் தெரிந்துவிட்டால் வைத்தியமும் தெரிந்துவிடும். ஆவியாவதைத் தடுத்தால் சூடு மேலே ஏறும். சிலர் இறைச்சியை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றிவிடுகிறார்கள். ‘டெக்சஸ் ஊன்றுகோல்’ என்று அதற்குப் பட்டப்பெயர். தேக்கம் மளமளவென்று தாண்டிவிடும், ஆனால் உள்ளே அடைபட்ட நீராவி மேல்தோலை ஊறவைத்துக் கொழகொழப்பாக்கிவிடும். கசாப்புக் காகிதத்தில் சுற்றுவது நடுவழி. காகிதம் கொழுப்பை உறிஞ்சிக்கொண்டு, நீராவியில் கொஞ்சத்தை வெளியே விடும், கொஞ்சத்தை நிறுத்தும். 2009-ல் ஆஸ்டினில் ஒரு டிரெய்லர் வண்டியில் கடை தொடங்கி, 2015-ல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்ற ஆரன் ஃபிராங்க்ளின் இந்த முறையை உலகறியச் செய்தார். பரிமாறுவதற்கு வைத்திருந்த காகிதம் சமையலுக்குள் நுழைந்தது. என்னைக் கேட்டால் காகிதம்தான். அவசரத்துக்காகத் தோலைப் பலி கொடுப்பது சரியில்லை.

அந்தக் கறுத்த மேல்தோலை இங்கே ‘பார்க்’ என்கிறார்கள், மரப்பட்டை போல இருப்பதால். அதன் மூலப்பொருள் உப்பும் கொரகொரப்பாக உடைத்த மிளகும். பல கடைகளில் வேறு மசாலாவே கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் கொடி ஒன்று டெக்சஸ் கசாப்புக் கடைக்காரரின் ஒரே மசாலாவாக ஆகியிருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. உப்பு முதலில் ஈரத்தை வெளியே இழுத்து, அதிலேயே கரைந்து, மெல்ல உள்ளே இறங்கும். தசைப் புரதத்தை இளக்கி, தண்ணீரை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளச் செய்யும். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியை எட்டாது. ஈரம் போன பிறகுதான் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பழுப்பு நிறமும் வறுபட்ட மணமும் வேகமாகப் பெருகும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912-ல் விவரித்த வினை அது. புகையில் வரும் கார்பனைல் சேர்மங்களும் இதில் சேர்ந்துகொள்வதால் நிறம் பழுப்பைத் தாண்டிக் கறுப்பாகிறது. ஆக, உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும், வெளியே இருக்கக் கூடாது. ஒரே துண்டில் இந்த இரண்டையும் சாதிப்பதற்குத்தான் இத்தனை மணி நேரக் காவல்.

புகைக்கு வருவோம். மத்திய டெக்சஸில் எரிப்பது போஸ்ட் ஓக். வேலிக்கால் நடப் பயன்பட்ட கருவாலி வகை மரம் அது, தாவரவியலில் குவெர்கஸ் ஸ்டெல்லாட்டா. அந்தப் பக்கத்தில் தாராளமாக வளர்வதால் அதை எரித்தார்கள், எரித்து எரித்து அதுவே சுவையாகிவிட்டது. வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதியளவுகூடத் தண்ணீர் இருக்கும். அதை எரித்தால் தீயின் சக்தி தண்ணீரை விரட்டுவதிலேயே செலவாகி, தீ தணிந்து, கசப்பான வெள்ளைப் புகை மண்டும். பிளந்து, அடுக்கி, மாதக்கணக்கில் வெயிலில் காயவிட்ட விறகில் ஈரம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். அதுவே நல்ல பக்குவம்.

விறகின் உடல் மூன்று பொருள்களால் ஆனது: செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். முதல் இரண்டும் சர்க்கரைச் சங்கிலிகள். சூட்டில் உடைந்து அமிலங்களையும் நிறம் தரும் கார்பனைல்களையும் கொடுக்கும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் உடைந்தால் ஃபீனால்கள். அவற்றில் குவையகால் புகைச் சுவையையும் சிரிங்கால் புகை மணத்தையும் தருகின்றன. வெனிலாவின் மணமான வெனிலின்கூட லிக்னினிலிருந்து வரும். கருவாலி போன்ற வன்மரங்களின் லிக்னினில் சிரிங்கால் தரும் பகுதி உண்டு. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் அது இல்லாத அளவுக்குக் குறைவு, கூடவே பிசின் வேறு. பைனில் யாரும் பிரிஸ்கெட் போடாததற்கு இதுவே காரணம்.

நல்ல அடுப்பின் புகைபோக்கியைப் பார்த்தால் புகை இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். மெல்லிய நீலம்தான் தெரியும். சுடர்விட்டு, போதிய காற்றோடு எரியும் தீ மிக நுண்ணிய துகள்களையே விடும். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள்கள் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கும், வானத்தில் நடப்பதைப் போல. காற்று போதாமல் புகைந்து எரிந்தால் துகள்கள் பெரிதாகி, எல்லா நிறத்தையும் ஒன்றாகச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். கூடவே கசப்புத் தாரும் வரும். அடுப்புக்காரர் வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன் புகைபோக்கியைத்தான் பார்ப்பார்.

இந்தப் புகை இறைச்சியில் ஒட்டுவதற்கும் தண்ணீரே வாசல். குளிர்ந்த, ஈரமான மேற்பரப்பு புகையின் ஆவிகளைக் கரைத்துப் பிடித்துக்கொள்ளும். உலர்ந்துபோனால் பெரும்பகுதி வழுக்கிக்கொண்டு போய்விடும். சமையலின் பாதியில் சிலர் தண்ணீரோ வினிகரோ தெளிப்பதன் பலன்களில் இதுவும் ஒன்று. ‘சில மணி நேரத்துக்குப் பிறகு இறைச்சி புகையை வாங்காது’ என்று பரவலாகச் சொல்வார்கள். ஈரம் இருக்கும்வரை வாங்கிக்கொண்டுதான் இருக்கும். நின்றுபோவது வேறொன்று.

அது என்னவென்று காகிதத்தைப் பிரித்ததும் தெரிந்தது. என்னோடு வந்திருந்தவன் ஆஸ்டினில் வேலை பார்க்கும் தங்கை மகன். ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மாமா, உள்ள செக்கச்செவேல்னு இருக்கே, சரியா வேகலையோ?” என்றான். துண்டின் கறுத்த ஓரத்துக்கு அடியில், ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்தில், ரோஜா நிறத்தில் ஒரு பட்டை ஓடியது. அதற்கு உள்ளே எல்லாம் சாம்பல் கலந்த பழுப்பு. வேகாத கறி நடுவில்தானே சிவந்திருக்கும்? இதுவோ ஓரத்தில் சிவந்திருந்தது.

இதற்குப் பெயர் புகை வளையம். கறிக்குச் சிவப்பு தருவது மயோகுளோபின், நடுவில் ஓர் இரும்பு அணுவைத் தாங்கிய புரதம். வெந்தால் அது பழுப்பாகும். விறகுத் தீயில் நைட்ரிக் ஆக்சைடு வாயுவும் கார்பன் மோனாக்சைடும் உண்டாகின்றன. இவை ஈரமான மேற்பரப்பில் கரைந்து, உள்ளே ஊடுருவி, அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டால் சிவப்பு நிலைத்துவிடும். பிறகு எவ்வளவு சுட்டாலும் போகாது. உப்புக்கண்டம் போடும்போது வெடியுப்பு சேர்த்தால் கறி சிவந்தே இருப்பதும் இதே வேதியியல்தான். வாயு உள்ளே போகும் வேகத்துக்கும், உள்ளேயிருக்கும் மயோகுளோபின் வெந்து உருக்குலையும் வேகத்துக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம் முடிந்த இடத்தில் வளையத்தின் எல்லைக்கோடு விழுகிறது. முன்பு சொன்ன ‘நின்றுபோவது’ இதுதான்.

வளையத்துக்குச் சுவை கிடையாது. தீயே இல்லாத மின்சார அடுப்பில் விறகுத்தூளைப் புகையவிட்டுச் சமைத்தால், புகை மணம் வரும், வளையம் அநேகமாக வராது. எரிவாயு அடுப்பில் புகையே இல்லாமலும் லேசாக வரும். பதனிடும் உப்பைத் தடவிப் போலியாகவும் வரவழைக்கலாம். அமெரிக்காவின் பெரிய போட்டிகளை நடத்தும் கேன்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டி, வளையத்தைப் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது என்றே நடுவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறது. ஆனாலும் வாடிக்கையாளர் கண் முதலில் போவது அங்கேதான். என் மருமகனுடையதும் போனது.

நெஞ்சுக்கறியில் இரண்டு தசைகள் உண்டு. தட்டையான கீழ்த்தசை மெலிந்தது. மேலே திரண்டிருக்கும் தசையில் கொழுப்பு ஊடுபாவாக ஓடும். வெட்டுபவர் கேட்பதும் அதைத்தான்: மெலிந்ததா, கொழுப்புள்ளதா? நாங்கள் இரண்டும் வாங்கினோம். மெலிந்த துண்டை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கினால் அறுந்து விழாமல் தொங்கியது. இரண்டு கையாலும் லேசாக இழுத்ததும் இழை பிரிந்து வந்தது. பக்குவத்துக்கு அதுவே சோதனை. இழுத்தும் வரவில்லை என்றால் கொலாஜென் இன்னும் கரையவில்லை. தூக்கும்போதே உதிர்ந்தால் கரைவது எல்லை மீறிப் போய்விட்டது. கொழுப்புள்ள துண்டுக்கு மெல்லும் வேலையே அதிகமில்லை. முதலில் மிளகின் காரம், பிறகு பட்டையின் கசப்பை ஒட்டிய இனிப்பு, பிறகு கொழுப்போடு கரைந்து வரும் புகை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. கூட வைத்திருந்த பச்சை வெங்காயமும் ஊறுகாய் வெள்ளரியும் அலங்காரத்துக்கு அல்ல. மூன்று வாய்க்கு ஒருமுறை நாக்கைத் துடைத்துப் புதிதாக்க அவை வேண்டியிருந்தன. சாஸ் இல்லை என்பது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

சாசேஜ் வேறு ரகம். தோல் பல்லில் பட்டதும் பட்டென்று உடைந்து, உள்ளிருந்த சாறு தெறித்தது. அந்த உறை இயற்கைக் குடல், அதுவும் கொலாஜென்தான். புகையிலுள்ள ஃபார்மால்டிஹைடு அதன் இழைகளைக் குறுக்கே பிணைத்து இறுக்குகிறது, ஏறக்குறைய தோல் பதனிடுவது மாதிரி. பிரிஸ்கெட்டில் கொலாஜெனைக் கரைக்க ஒரு நாளைச் செலவழித்த அதே அடுப்பு, சாசேஜில் அதைக் கெட்டியாக்குகிறது. அங்கே நீண்ட நேரமும் உள்ளே நிறைந்த தண்ணீரும். இங்கே குறுகிய நேரமும் உலர்ந்த மேற்பரப்பும்.

உடல்நலத்தைப் பற்றிச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. கொழுப்பு தணலில் சொட்டிக் கருகும்போது பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் உருவாகி, புகையோடு மேலே ஏறி இறைச்சியில் படிகின்றன. அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. தீ தள்ளி இருப்பதால் இந்த அடுப்பில் அந்த ஆபத்து நேரடித் தணலில் சுடுவதைவிடக் குறைவு. ஆனால் இல்லாமல் போகாது, விறகுப் புகையிலேயே அவை கொஞ்சம் உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை பட்டியலிலும், சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கக்கூடியவை பட்டியலிலும் சேர்த்தது. புகையூட்டுதலையும் அது பதப்படுத்தும் முறையாகவே கணக்கிடுகிறது. எப்போதோ ஒருநாள் போய்ச் சாப்பிடுபவரைவிட எனக்குக் கவலை தருவது அடுப்படியில் நிற்பவர்கள். நாள் முழுக்க, வருடக்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். விறகடுப்பு நுரையீரலை என்ன செய்யும் என்பதற்கு நம் ஊர்ப் பெண்களின் இருமலே சாட்சி. நல்ல புகைபோக்கியும் காற்றோட்டமும் இந்தத் தொழிலாளர்களுக்குச் சலுகை ஆகாது, உரிமை.

அடுப்பிலிருந்து எடுத்ததும் பிரிஸ்கெட்டை வெட்டினால் அத்தனை உழைப்பும் காகிதத்தில் ஓடிவிடும். 95 டிகிரியில் உள்ளிருக்கும் சாறு தண்ணீராக நீர்த்து இருக்கிறது. சுற்றியபடியே வைத்து 60, 65 டிகிரிக்கு மெல்ல ஆறவிட்டால் ஜெலட்டின் கலந்த சாறு கெட்டிப்பட்டு இழைகளுக்கிடையே தங்கிவிடும். பல கடைகளில் இரவெல்லாம் இந்தச் சூட்டில் வைத்திருந்து மறுநாள் விற்கிறார்கள். 57 டிகிரிக்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு நெறிமுறை, கிருமிகள் பெருகும் என்பதால். அப்படிக் காத்திருந்த கறியையும் யாராவது கேட்கும்போதுதான் வெட்டுவார்கள். வெட்டிய முகத்திலிருந்து தண்ணீர் ஆவியாவது சில நிமிடத்திலேயே கண்ணுக்குத் தெரியும். பளபளப்பு மங்கி, ஓரம் கறுத்து வறளும்.

மீந்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் சூடுபடுத்தினால் ஒரு பழைய வாடை வருகிறதே, அதற்குக் காரணம் மயோகுளோபினிலிருந்து விடுபட்ட இரும்பு. அது கொழுப்போடு ஆக்சிஜன் சேர்வதை வேகப்படுத்துகிறது. அரிந்த துண்டுகளில் காற்று படும் பரப்பு அதிகம் என்பதால் அந்த வாடை சீக்கிரமே வந்துவிடும். கொண்டுபோக வேண்டுமென்றால் அரியாத முழுத்துண்டாக வாங்குங்கள். காற்றுப் புகாத பையில் அடைத்து உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். சாப்பிடும் நாளில் பையோடு வெந்நீரில் இறக்கி, உள்சூடு 65 டிகிரியைத் தொடும்வரை பொறுத்திருந்து, பிறகு இழைக்குக் குறுக்கே அரியுங்கள்.